பொழுதுக்கு ஒரு வரம்பு
(கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் இளைஞர்களுக்கும் என் வணக்கம்.

வேலை, குடும்பம், உடல்நலம், ஊர்க்காரியம் என்று நாலாபுறமும் இழுக்கும் வாழ்க்கையில் சமநிலை காண்பது எப்படி என்று பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேசுவோர் பெரும்பாலும், அதிகாலையில் எழுங்கள், செய்ய வேண்டியவற்றைக் குறித்து வையுங்கள், மனத்தை அடக்கிப் பழகுங்கள் என்று தனிமனிதருக்கு அறிவுரை சொல்லி அமர்ந்துவிடுகிறார்கள். அவை பயனுள்ளவைதாம். ஆனால், காலையில் புதுச்சேரிப் பேருந்தில் நின்றுகொண்டே வேலைக்குப் போய், இரவுச் சாப்பாட்டு நேரமும் கடந்து வீடு திரும்பும் ஒருவரிடம், "நீங்கள் நேரத்தைச் சரியாகப் பங்கிடவில்லை" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பங்கிடுவதற்கு அவர் கையில் நேரமே இல்லை. பலர் கூடி ஒரு வரம்பை வகுத்து, அதை எல்லோருமாகக் காத்தால்தான் ஒருவருடைய வாழ்விலும் சமநிலை நிற்கும் என்பதே நான் சொல்ல வந்த கருத்து.

இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில், பஞ்சாலைத் தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலை உள்ளிட்ட கோரிக்கைகளை வைத்துப் போராடினார்கள், தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா அந்தப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கினார். 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலையில் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டு 12 பேர் உயிரிழந்தார்கள். மறு ஆண்டு, 1937-இல், எட்டு மணி நேர வேலை அங்கே சட்டமாயிற்று. இன்றும் ஆண்டுதோறும் அந்த நாளில் புதுச்சேரியில் அவர்களுக்கு மலரஞ்சலி செலுத்துகிறார்கள். அந்தப் போராட்டத்தைக் கூலிக்கான போராட்டமாக மட்டும் பார்ப்பது போதாது என்று நினைக்கிறேன். பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் வீட்டில் இருக்கவும், மாலையில் படிப்பகத்துக்குப் போகவும், உடல் அசந்தால் படுக்கவும் ஒரு மனிதருக்கு உரிமை உண்டு என்பதும் அந்த எட்டு மணி நேரத்துக்குள் அடங்கியிருந்தது. ஆலையில் ஒரே ஒரு தொழிலாளி மட்டும் எட்டு மணி நேரம் ஆனதும் தறியை நிறுத்திவிட்டு எழுந்திருந்தால் அவருக்கு வேலை போயிருக்கும். எல்லோரும் சேர்ந்து எழுந்ததால்தான் அது சட்டமானது.

அந்த வரம்பு ஒருமுறை கிடைத்துவிட்டால் என்றைக்கும் தானாக நிற்கும் என்றும் எண்ணிவிட வேண்டாம். 2023 ஏப்ரலில், ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் சட்டத் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியதும், தொழிற்சங்கங்களின் எதிர்ப்புக்குப் பின் மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டதும் உங்கள் நினைவில் இருக்கும்.

நம் ஊர்த் துறைமுகத்தையும் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் பருவம் என்பதால் இந்தத் தடை. 2017-க்கு முன்பு இது 45 நாட்களாக இருந்தது. அந்த நாட்களில் முதுநகர்ப் பக்கம் போனால், படகுகளைக் கரையேற்றிப் பலகை மாற்றி வண்ணம் பூசுவதையும், நிழலில் வலையை விரித்து உட்கார்ந்து, கிழிந்த வலைக்கண்களை ஒவ்வொன்றாகக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து முடிச்சுப் போடுவதையும் பார்க்கலாம். அன்றாட வருமானமா, நாளைய மீன்வளமா என்ற கேள்வியை ஒவ்வொரு படகுக்காரரிடமும் தனித்தனியாக விட்டிருந்தால், பக்கத்துப் படகு போகிறதே என்று எல்லோரும்தான் போயிருப்பார்கள். எல்லாருக்கும் பொதுவான தடை என்பதால் அது காக்கப்படுகிறது. வருமானம் இல்லாத நாட்களுக்கு அரசு நிவாரணத் தொகை தருகிறது. அது போதுமா என்று மீனவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஓய்வுக்கு ஒரு விலை உண்டு, அந்த விலையையும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

இனி வீட்டுக்கு வருகிறேன். வேலைக்கும் போய், வீட்டையும் கவனித்து, இரண்டையும் அழகாகச் சமாளிக்கிறாள் என்று ஒரு பெண்ணைப் பாராட்டுகிறோமே, அந்தப் பாராட்டு எனக்கு உறுத்துகிறது. அவள் சுமப்பதில் பாதி, அந்த வீட்டில் வேறொருவர் தூக்க வேண்டிய சுமை. சோற்றைப் பிசைந்த கையோடு அவள் இருக்கும்போது அலுவலகக் குழுவில் செய்தி வந்து கைபேசி அதிர்கிறது. இடக்கையால் எடுத்துப் பதில் தட்டச்சு செய்கிறாள். எதிரே குழந்தை சொல்லிக்கொண்டிருந்த பள்ளிக்கூடக் கதை பாதியில் நின்றுபோகிறது. கைபேசியை அணைத்துவிடுங்கள் என்று அவளிடம் சொல்வது எளிது. மற்ற எல்லோரும் உடனே பதில் அனுப்பும்போது அவள் மட்டும் எப்படி அணைப்பாள்? அந்தக் குழுவை நடத்தும் மேலாளர்தான், இரவு எட்டுக்கு மேல் அவசரமில்லாத செய்தி அனுப்புவதில்லை என்று விதி செய்ய வேண்டும். இந்த அவையில் கடை நடத்துவோரும் நிறுவனம் நடத்துவோரும் இருக்கிறீர்கள்; உங்களிடம் இதை வேண்டுகோளாகவே வைக்கிறேன்.

படுக்கையில் கிடக்கும் தாயையோ தந்தையையோ பார்த்துக்கொள்பவருக்கு எந்தச் சட்டமும் எட்டு மணி நேரம் என்று வரம்பு கட்டாது. உடன்பிறந்தவர்கள் நான்கு பேர் இருந்தும், ஊரில் இருக்கிற ஒரே காரணத்தால் ஒருவர் தலையில் எல்லாம் விழுவதை நாம் எத்தனையோ வீடுகளில் பார்க்கிறோம். சென்னையில் இருப்பவர் மாதத்தில் இரண்டு வாரக் கடைசிகளில் வந்து தங்கலாம். வெளிநாட்டில் இருப்பவர், பகலில் உதவிக்கு வரும் பெண்ணின் சம்பளத்தை ஏற்கலாம். இதைப் பேசி முடிவு செய்யத் தீபாவளிக்கு எல்லோரும் ஒன்று கூடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை; இன்றிரவு வீட்டுக்குப் போனதும் தொலைபேசியில் அழைத்தே தொடங்கலாம்.