மூன்றரை நொடிக்குள் ஒரு வாத்தியக் குழு

நேயர்களுக்கு வணக்கம்.

டிவியில் மாட்டி, கேசட் செருகி விளையாடிய வீடியோ கேமின் 'பீப்' ஒலி பலருக்கு நினைவிருக்கும். அதற்கு அடுத்த தலைமுறைக் கருவியான சூப்பர் ஃபாமிகாமின் ஒலியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். நிண்டெண்டோ அதை 1990-ல் ஜப்பானில் வெளியிட்டது. அதன் ஒலிச் சில்லை, அதாவது ஒலிக்கான 'சிப்'பை, வடிவமைத்தவர் சோனியில் இருந்த கென் குடராகி. பின்னாளில் பிளேஸ்டேஷனைக் கொண்டுவந்தவரும் அவரே.

இந்தச் சில்லு, பதிவு செய்த வாத்திய ஒலிகளையே வாசித்தது. ஒரே நேரத்தில் எட்டுக் குரல்கள், அதாவது எட்டு ஒலிகள். ஆனால் ஒலிக்கென இருந்த நினைவகம் மொத்தம் 64 கிலோபைட். சுருக்கிச் சேமித்தாலும் முழுத் தரத்தில் மூன்றரை நொடிக்குச் சற்று மேல்தான் கொள்ளும். வயலின், புல்லாங்குழல், டிரம்ஸ், வீரன் குதிக்கும் சத்தம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். எதிரொலி வேண்டுமா? அதற்கும் இதே இடத்தில்தான் பங்கு: ஒவ்வொரு 16 மில்லிநொடிக்கும் 2 கிலோபைட்.

அதனால் வயலினின் ஒரு ஸ்வரத்தில் சின்னத் துண்டை வெட்டி, அதையே திரும்பத் திரும்பச் சுழல விட்டார்கள். மற்ற ஸ்வரங்களுக்கும் அதே துண்டுதான், வேகத்தைக் கூட்டியும் குறைத்தும். மேலே போனால் ஒலி மெலியும், கீழே வந்தால் மங்கும். சில்லும் அலையை நிரவித் தருவதால் கூர்மை மழுங்கிவிடும். எனக்கு அந்த மங்கல்தான் உயிர். மழை நாளில் பக்கத்து வீட்டிலிருந்து கேட்கும் பாட்டு மாதிரி.

இன்று இந்த ஒலிகள் சவுண்ட்ஃபான்ட் கோப்புகளாகவே கிடைக்கின்றன; கணினியில் ஏற்றி வாசிக்கக்கூடிய வாத்திய ஒலித் தொகுப்புகள் அவை. பலர் அதை ஏற்றி, நாற்பது டிராக் அடுக்கி, பெரிய மண்டபத்தில் ஒலிப்பது போன்ற முழக்கத்தை (ரிவெர்ப்) போட்டுவிடுகிறார்கள். அப்புறம் பழைய வாசனை எங்கிருந்து வரும்? எட்டுக் குரலோடு நிறுத்துங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே எதிரொலி, அதுவும் கால் நொடிக்குள். அந்தக் கருவியில் அதிகபட்சமே 240 மில்லிநொடிதான்.

இன்னொரு வழியும் உண்டு, எனக்கு அதுதான் மிகவும் பிடிக்கும். எங்கள் வீட்டு ஹார்மோனியத்தில் ஒரே ஒரு ஸ்வரத்தைப் பதிவு செய்து, கால் நொடிக்கு வெட்டி, தரத்தைக் குறைத்துச் சுழல விட்டேன். முதலில் சுற்று சேருமிடத்தில் 'டிக்' என்றது. அலை பூஜ்யக் கோட்டைத் தொடும் இடம் பார்த்து வெட்டியதும் சரியாகிவிட்டது. மேல் ஸ்தாயியில் அது புல்லாங்குழல் போல ஆனது, கீழே செல்லோ போல.

அதில் அமைத்த ஒரு நிமிட மெட்டை இப்போது கேளுங்கள். எட்டுக் குரலும் அந்த ஒரே ஸ்வரத்திலிருந்து வந்தவை.