கோழி யாருடையது?

அனைவருக்கும் வணக்கம்.

2020 ஏப்ரலில் அமெரிக்கப் பால் பண்ணைகளில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கொரோனாவால் பள்ளிகள் மூடிவிட்டன, உணவகங்கள் மூடிவிட்டன. அங்கே போகவேண்டிய பாலை வாங்க ஆளில்லை. மொத்தமாகப் பெரிய பைகளில் அடைக்கும் ஆலை, வீட்டுக்கு வாங்கும் சின்னக் குடுவைக்கு ஒரே நாளில் மாறிவிடாது. மாட்டுக்கு ஊரடங்கு தெரியுமா? மடி கனத்தால் கறந்துதான் ஆகவேண்டும். கறந்த பாலைச் சாணிக்குழியில் விட்டார்கள். பன்றிப் பண்ணைகளில் நிலைமை இன்னும் மோசம். இறைச்சிக்கூடத் தொழிலாளர்களுக்குத் தொற்று பரவிக் கூடங்கள் மூடின. எடை ஏறிக்கொண்டே போன பன்றிகளைச் சில பண்ணைகளில் வளர்த்தவர்களே கொல்லவேண்டி வந்தது.

அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. ஏப்ரல் 17 அன்றே 1,900 கோடி டாலர் நிவாரணம் அறிவித்தார்கள். அதில் 1,600 கோடி விவசாயிகளுக்கு நேரடியாக. மீதி, பாலும் இறைச்சியும் காய்கறியும் வாங்கி இல்லாதவர்களுக்குக் கொடுக்க. மே 26-இல் விண்ணப்பம் தொடங்கிவிட்டது. செப்டம்பரில் இரண்டாம் சுற்று, 1,400 கோடி வரை. அந்த வேகத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன். வயலில் போட்ட பணம் அடுத்த ஆண்டுவரை காத்திருக்காது.

சரி, எதை வைத்து அளந்தார்கள்? கையில் இருக்கும் சரக்கை வைத்து. மாடு எத்தனை, பன்றி எத்தனை, விற்காத தானியம் எவ்வளவு என்று. ஒருவருக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர். பண்ணையில் உழைக்கும் மூன்று பங்குதாரர்கள் உள்ள நிறுவனத்துக்கு 7,50,000 வரை. இரண்டாம் சுற்றில் சோளம், சோயா போன்ற பயிர்களுக்கு ஏக்கருக்குக் குறைந்தது 15 டாலர். அந்தக் குறைந்தபட்சக் கணக்கிலேயே 3,000 ஏக்கர்காரருக்கு 45,000 டாலர். 10 ஏக்கர்காரருக்கு 150.

அதுகூடப் போகட்டும். எனக்கு ஆறாதது கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டுக் கறிக்கோழி வளர்ப்பவர் கதை. குஞ்சைக் கம்பெனி வண்டி கொண்டுவந்து இறக்கும். தீவனம் கம்பெனியுடையது, மருந்தும் அப்படியே. வளர்ந்ததும் அதே கம்பெனி பிடித்துப் போகும். கொட்டகை மட்டும் இவருடையது; அதற்கு வாங்கிய கடனும் இவருடையது. விளக்கு, விசிறி, செத்த கோழியைப் பொறுக்கும் வேலை எல்லாம் இவர் தலையில். எடைக்கு இவ்வளவு என்று கூலி.

பெருந்தொற்றில் கம்பெனிகள் குஞ்சு இறக்குவதைக் குறைத்தன. ஒரு தொகுதிக்கும் அடுத்ததற்கும் நடுவே கொட்டகை வாரக்கணக்கில் காலியாகக் கிடந்தது. அந்த நாட்களுக்குக் கூலி கிடையாது, வட்டி மட்டும் உண்டு. நிவாரணம் கேட்கப் போனால் விதி என்ன சொன்னது? சரக்கு உங்களுடையதாக இருக்கவேண்டும், விலை விழுந்தால் அடி உங்களுக்கு விழவேண்டும். கோழி யாருடையது என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? வருமானம் போனது அவருக்கு. ஆனால் காகிதத்தில் அவருக்கு ஒரு கோழிகூட இல்லை. இரண்டு சுற்றிலும் முதலில் அவருக்கு இடமில்லை.

2020 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் இவர்களை நினைத்தது. ஒப்பந்த வளர்ப்பாளர்களுக்கு 100 கோடி டாலர் வரை, இழந்த வருமானத்தில் 80 சதவீதம் வரை என்று சட்டம் வந்தது. அப்புறம் விதி எழுத, ஆட்சி மாற, மறுபடி விதி திருத்த என்று நாள் ஓடியது. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் 2021 அக்டோபர் 12. மாதத் தவணை கட்டுபவராக இருந்தால், பால் சாணிக்குழிக்குப் போன அந்த ஏப்ரலிலிருந்து கணக்குப் பாருங்கள். காலிக் கொட்டகைக்கு அவர் பதினெட்டுத் தவணை கட்டி முடித்திருப்பார்.