ஹெடர் வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். இன்ஜினின் திறனைக் கூட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது, சிலிண்டர்களிலிருந்து புகையை வெளியே கொண்டுசெல்லும் குழாய்த் தொகுதியான எக்ஸாஸ்ட் ஹெடரில்தான். பல கார்களில் வரும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் எல்லா சிலிண்டர்களின் புகையும் குறுகிய கூட்டுக்குள் முட்டிமோதி வெளியேறுகிறது. ஹெடரிலோ சிலிண்டருக்கு ஒரு குழாய்.

குழாய் பெருத்தால் நல்லது என்று நம்பி நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். 38 மி.மீ. உள்விட்டமுள்ள குழாய்களைக் கழற்றிவிட்டு 45 மி.மீ. குழாய்களை மாட்டினேன். குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு கூடிவிட்டதால் புகையின் வேகம் தளர்ந்து, குறைந்த சுற்றுகளில், அதாவது இன்ஜின் மெதுவாகச் சுழலும்போது, வண்டி இழுவையே இல்லாமல் திணறியது. விரைந்தோடும் புகை தன் பின்னால் அழுத்தக் குறைவை விட்டுச் செல்வதால்தான், கலவையை உள்ளே விடும் வால்வும் புகையை வெளியே விடும் வால்வும் சற்றே திறந்திருக்கும் அந்தக் கணத்தில், சிலிண்டரில் மிஞ்சிய புகை உறிஞ்சப்பட்டுப் புதுக்கலவை உள்ளே வருகிறது.

நீளத்தின் கணக்கு வேறு. புகையை வெளியே விடும் வால்வு திறந்ததும் புறப்படும் அழுத்த அலை, குழாய்கள் ஒன்றுசேரும் இடத்தை எட்டியதும் குறையழுத்த அலையாகத் திரும்புகிறது. வால்வு மூடுமுன் அது வந்துசேர வேண்டும். குறைந்த சுற்றுகளில் அதற்கு அவகாசம் அதிகம் என்பதால் நீண்ட குழாயும், உயர்ந்த சுற்றுகளுக்குக் குட்டைக் குழாயும் ஏற்றவை. டர்போ இன்ஜினுக்கு இக்கணக்கு அப்படியே பொருந்தாது.

நான்கு சிலிண்டர் இன்ஜினில் எரியும் வரிசை 1-3-4-2 என்றால், 1-ஐ 4-உடனும் 2-ஐ 3-உடனும் இணைத்துப் பின் ஒன்றாக்கும் 4-2-1 அமைப்பு நடுத்தரச் சுற்றுகளில் டார்க்கை, அதாவது இழுக்கும் திருப்புவிசையைக் கூட்டும். நான்கையும் ஒரேயடியாகச் சேர்க்கும் 4-1 அமைப்பு உச்சச் சுற்றுகளுக்கானது. அன்றாடம் ஓட்டும் வண்டிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருவைத் தாங்கும். ஆனால் சாதாரண எஃகைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரிவதால், வெல்டிங் சரியில்லாவிட்டால் விரிசல் விடும். ஹெடரை இன்ஜினோடு பிணைக்கும் தட்டான ஃபிளாஞ்ச் 10 மி.மீ. கனமாவது இருக்கட்டும். மெல்லிய ஃபிளாஞ்ச் சூட்டில் கோணிக்கொண்டால், அந்த இடுக்கு வழியே நுழையும் வெளிக்காற்றை ஆக்சிஜன் சென்சார் எரிபொருள் பற்றாக்குறை என்று எடுத்துக்கொள்ள, இன்ஜின் கணினி தேவையின்றிப் பெட்ரோலைக் கூட்டிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக்கென்று ஒலித்துச் சூடேறியதும் அடங்கும் சத்தமும், இடுக்கை அடைக்க நடுவே வைக்கும் கேஸ்கெட்டின் ஓரத்தில் படியும் மெல்லிய கரிக்கோடும் அந்தக் கசிவுக்கு அடையாளங்கள்.