போலீஸ் நாய் கடித்தது, கிளப் பிழைத்தது! | டார்க்கீ யுனைடெட் 1986-87

(திரையில்: மைதானத்தின் வெள்ளைக்கோடு. கோட்டை ஒட்டி ஒரு அல்சேஷன் நாய்.)

கால்பந்து ஆட்டம் முடியச் சில நிமிடங்கள்தான் பாக்கி. 1-2 எனப் பின்தங்கி நிற்கும் அணியின் டிஃபெண்டர் பந்தைத் துரத்திக்கொண்டு கோட்டோரம் ஓடி வருகிறார். அங்கே காவலுக்கு நின்ற போலீஸ் நாய் பாய்ந்து அவர் தொடையைக் கவ்விவிட்டது. 17 தையல்! அந்தக் கடியால்தான் அவருடைய கிளப் லீகில் தங்கியது.

வணக்கம் நண்பர்களே! கிளப்பின் பெயர் டார்க்கீ யுனைடெட். தென்மேற்கு இங்கிலாந்தின் டெவனில் ஒரு கடற்கரை ஊர், அகதா கிறிஸ்டி பிறந்த ஊர். கிளப் இருந்தது இங்கிலாந்துக் கால்பந்து லீகின் கடைசிப் படியான நான்காம் டிவிஷனில். 1985-இல் கடைசி இடம், 1986-இலும் கடைசி இடம். லீகின் 92 கிளப்புகளில் 92-ஆவது.

அப்படியும் எப்படித் தப்பித்தார்கள் என்கிறீர்களா? பழைய விதி அப்படி. அடியில் இருக்கும் நான்கு கிளப்புகள் 'எங்களை வைத்துக்கொள்ளுங்கள்' என்று விண்ணப்பிக்கும், மற்ற கிளப்புகள் ஓட்டுப் போடும். பெரும்பாலும் பழகியவர்களுக்கே ஓட்டு. வெளியே நன்றாக ஆடிக்கொண்டிருந்த கிளப்புகளுக்கு அது பெரிய அநியாயம். 1986-87 சீசனில்தான் விதி மாறியது: கடைசி இடம் என்றால் நேராக வெளியே, ஓட்டெல்லாம் கிடையாது.

சரி, சீசன் முழுக்கச் சொல்ல நேரமில்லை. மோசமாக ஆடினார்கள், அவ்வளவுதான். கடைசி நாளுக்கு வருவோம். 1987 மே 9.

(திரையில்: மூன்று வரிப் பட்டியல்.)

பர்ன்லி 46 புள்ளி, டார்க்கீ 47, லிங்கன் சிட்டி 48. இந்த மூவரில் ஒருவர் போக வேண்டும். பர்ன்லி இரண்டு முறை இங்கிலாந்து சாம்பியனான கிளப், அதுவே அன்று காலை அடியில் கிடந்தது! லிங்கனுக்கு ஒரு டிரா போதும்.

டார்க்கீக்குச் சொந்த மைதானமான பிளெயின்மூரில் ஆட்டம், எதிரே குரூ அலெக்ஸாண்ட்ரா. இடைவேளையில் குரூ 2-0. இரண்டாம் பாதி தொடங்கியதும் ஒரு ஃப்ரீ கிக். அடித்தவர் ஜிம் மெக்னிக்கல். கோல்! இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே பர்ன்லி 2-1 என வென்று தப்பித்தது. லிங்கன் ஸ்வான்சியிடம் 0-2 எனத் தோற்றது. அப்படியானால் டார்க்கீக்கு இன்னும் ஒரே ஒரு கோல் வேண்டும்.

இப்போது நாய். பெயர் பிரின். மைதானத்தில் நாய்க்கு என்ன வேலை? 1980-களில் இங்கிலாந்துக் கால்பந்தில் ரசிகர் கலவரம் சர்வசாதாரணம். விசில் ஊதியதும் கூட்டம் உள்ளே பாயும் என்று போலீஸ் நாய்களோடு கோட்டோரம் காத்து நின்றது. பிரினின் இடத்தில் நின்று பாருங்கள். ஓர் ஆள் வெறியோடு உங்கள் எஜமானரை நோக்கி ஓடி வருகிறார். அவர் பந்துக்காக வருகிறார் என்று நாய்க்கு எப்படித் தெரியும்? கற்றுக்கொடுத்ததைச் செய்தது. கடமை தவறாத நாய் என்றுதான் நான் சொல்வேன்!

கடிபட்டவர் யார் தெரியுமா? அதே ஜிம் மெக்னிக்கல். ஃப்ரீ கிக் கோல் அடித்த அதே மனிதர்! ஆட்டம் நின்றது. ரத்தம், கட்டு, மருத்துவம். நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், வீணான நேரத்தைக் கூட்டுகிறார். மெக்னிக்கல் வெளியே போய் உட்காரவில்லை, கட்டோடு எழுந்து திரும்ப ஆடினார்.

அந்தக் கூடுதல் நேரத்தில்தான் பந்து பால் டாப்சனிடம் வந்தது. அடித்தார். 2-2.

டார்க்கீ 48, லிங்கனும் 48. அடித்த கோலுக்கும் வாங்கிய கோலுக்கும் உள்ள வித்தியாசத்தில் டார்க்கீ மேலே. புது விதியில் லீகை விட்டு வெளியேறிய முதல் கிளப் லிங்கன்.

கிளப் சேர்மன் பிரினுக்குப் பெரிய மாட்டிறைச்சித் துண்டாக வாங்கிக் கொடுத்தார் என்று சொல்வார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் எனக்கு ஒரு மனக்குறை. இந்தக் கதையை யார் சொன்னாலும் நாயின் பெயர் முதலில் வருகிறது. மெக்னிக்கல் கோல் அடிக்காமல் இருந்திருந்தால் டாப்சனின் கோலுக்குப் பயனே இல்லை, ஸ்கோர் 1-2. கடியை வாங்கியதும் அவர், முதல் கோலைக் கொடுத்ததும் அவர்!

லிங்கனை நினைத்து வருந்துகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. அடுத்த ஆண்டே, லீகுக்கு அடுத்த கீழ்ப்படியான கான்ஃபரன்ஸை வென்று திரும்பிவிட்டார்கள். டார்க்கீயோ அதே 1987 செப்டம்பரில் லீக் கப்பில் முதல் டிவிஷன் கிளப்பான டாட்டன்ஹாமை 1-0 என வீழ்த்தியது. நான்கே மாதம்!

அந்த மாட்டிறைச்சித் துண்டை நீங்கள் யாருக்குக் கொடுத்திருப்பீர்கள், பிரினுக்கா மெக்னிக்கலுக்கா? கமெண்டில் எழுதுங்கள், எல்லாவற்றையும் படிப்பேன்.