தலைகீழாக அடுக்கிய புத்தகம்

(எங்கள் ஊர் வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் பேசியது. மேடையில் விட்டுப்போன ஒன்றிரண்டு வரிகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.)

அவைத்தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, என்னைப் பற்றி உள்ளதும் இல்லாததுமாகச் சொல்லி வரவேற்ற செயலாளர் தம்பி அவர்களே, எனக்கு ஒன்பதாம் வகுப்பில் கணக்கு சொல்லிக்கொடுத்து, நான் கணக்குப் பக்கமே போகாமல் பார்த்துக்கொண்ட தலைமையாசிரியர் ஐயா அவர்களே, மைக் செட்டும் நாற்காலியும் இலவசமாகக் கொடுத்த பந்தல்காரர் அண்ணாச்சி அவர்களே, முன்வரிசையில் தங்கள் பிள்ளைகளைப் பேச்சுப் போட்டிக்காகக் கொண்டுவந்து, இன்னும் பரிசு கொடுக்காததால் எழுந்து போக முடியாமல் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். நகராட்சி உறுப்பினர் அம்மா வேறு ஒரு விழாவுக்கும் போக வேண்டும் என்றார்கள். இருந்தும் கால்மணி நேரம் எனக்காக ஒதுக்கியிருக்கிறார்கள். அவர்களுக்குத் தனி வணக்கம்.

பல்கலைக்கழக நூலகங்களில் இருக்கும் பழைய சீன, ஜப்பானிய நூல்களைப் பற்றி மூன்று செய்திகள் சொல்கிறேன் என்று தம்பியிடம் ஒப்புக்கொண்டேன். ஒன்று, அந்தப் புத்தகங்கள் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தன. இரண்டு, அவற்றை இன்று யார், எப்படி வாசிக்கிறார்கள். மூன்று, ஒரு புத்தகத்தின் வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்.

நமக்கும் சீனப் புத்தகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் என் கையால் நடந்த ஒரு தப்பில் ஆரம்பிக்கிறது.

நான் ஒரு கல்லூரி நூலகத்தில் 31 வருஷம் அட்டவணை எழுதியவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பினாங்கிலிருந்து ஊர் திரும்பிய ஒரு குடும்பம் தாத்தாவின் புத்தகங்களை நன்கொடையாகக் கொடுத்தது. பெட்டிக்கு அடியில் நீலத் துணி ஒட்டிய உறைக்குள் ஆறு மெல்லிய புத்தகங்கள். சீன எழுத்து. பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு தாளும் வெளி ஓரத்தில் மடிந்து ஒட்டினாற்போல் இருந்தது. பழைய ஆங்கிலப் புத்தகங்கள் சிலவற்றில் தாளை அறுக்காமலே விட்டிருப்பார்கள், வாங்கியவர்தான் கத்தியால் அறுத்துப் படிக்க வேண்டும். இதுவும் அப்படித்தான் என்று நினைத்து, மேசைக் கத்தியை எடுத்து முதல் புத்தகம் முழுக்க அறுத்துத் தள்ளினேன். உள்ளே பார்த்தால் வெள்ளைத் தாள். ஒரு எழுத்து இல்லை.

இதோ, இந்த அழைப்பிதழைப் பாருங்கள். ஒரு பக்கம்தான் அச்சு. அச்சு வெளியே தெரியும்படி நடுவில் மடிக்கிறேன். மடிப்பு வெளிப்பக்கம் வர வேண்டும், திறந்த ஓரம் முதுகுப்பக்கம் போக வேண்டும். அந்த முதுகில் நான்கு துளை போட்டு நூலால் தைத்தால் அதுதான் சீனத் தையல் புத்தகம். தாள் மெல்லிசு, மை மறுபக்கம் தெரியும், அதனால் பின்பக்கத்தில் அச்சடிப்பதில்லை. நான் அறுத்தது புத்தகத்தின் மடிப்பை. அது மட்டுமா? நாம் கடைசி அட்டை என்று நினைப்பதுதான் அவர்களுக்கு முதல் அட்டை. நூலக முத்திரையைக் கடைசிப் பக்கத்தில் குத்தி, எண் சீட்டைத் தலைகீழாக ஒட்டி, 'பிற மொழி' என்று அட்டவணையில் எழுதி, மேல் தட்டில் வைத்துவிட்டேன். பல வருஷம் கழித்து ஊருக்கு வந்த ஒரு பேராசிரியர் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தைத் திருப்பி வைத்தார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

என்னைத் தேற்றிக்கொள்ள எனக்கு ஒரு துணை உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் போட்லியன் நூலகம். 1604இல் அவர்களிடம் முதல் சீனப் புத்தகம் வந்து சேர்ந்தது. நாட்டிலேயே அதை வாசிக்க ஆள் இல்லை. இருந்தும் வாங்கி வைத்தார்கள், அடுத்தடுத்தும் வாங்கினார்கள். 83 வருஷம் கழித்து, 1687இல், ஷென் ஃபூட்ஸோங் என்ற சீன இளைஞர் ஒருவர் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்தார். நூலகர் தாமஸ் ஹைடு அவரை உட்கார வைத்து, ஒவ்வொரு புத்தகமும் என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டார். எது மேல், எது கீழ் என்பதையே ஷென்தான் சொல்லிக்கொடுத்தார் என்பார்கள். ஆக, தலைகீழாகப் பிடித்ததில் நான் தனி ஆள் இல்லை.

சரி, முதல் செய்திக்கு வருகிறேன். இதில் ஒரு கதை இருக்கிறது. கொஞ்சம் நீளம்தான், தலைவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கியோன் மூர் கெஸ்ட் என்று ஓர் அமெரிக்க இன்ஜினியரிங் காண்ட்ராக்டர். நல்ல வரும்படி. வியாபாரத்துக்காகச் சீனாவுக்குப் போய்வருவார். அவருக்குக் கண்ணில் கோளாறு. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும் கிளௌகோமா. நம் வீடுகளில் யாருக்காவது இருந்தால் தெரியும், எத்தனை சொட்டு மருந்து, எத்தனை டாக்டர். மனிதர் பார்க்காத வைத்தியம் இல்லை. பீக்கிங்கில் அமெரிக்கத் தூதரகத்தில் கடற்படை அதிகாரியாக இருந்த கில்லிஸ் என்பவர் நண்பரானார். "எல்லாம் பார்த்தாயிற்று, சீன மருந்தையும்தான் போட்டுப் பாருங்களேன்" என்று அவர் சொல்லியிருப்பார். இந்த வசனம் என் கற்பனை, யோசனை சொன்னது மட்டும் உண்மை. ஹெபெய் மாநிலத்தில் திங்சோ என்ற ஊர். அங்கே மா என்ற குடும்பத்தார் பரம்பரையாகச் செய்துவந்த கண் மருந்து. நம்மூரில் இன்ன குடும்பத்து எண்ணெய் என்று சொன்னால் மூன்று ஜில்லா தாண்டி வருகிறார்கள் அல்லவா, அந்த மாதிரி. கெஸ்ட் போட்டுக்கொண்டார். நோய் போய்விடவில்லை, ஆனால் கண்ணுக்குச் சுகமாக இருந்தது.

இந்த இடத்தில் நீங்களும் நானும் என்ன செய்வோம்? இன்னும் பத்து டப்பா வாங்கிப் பெட்டியில் வைப்போம். அவர் கில்லிஸிடம் பணத்தைக் கொடுத்துப் புத்தகம் வாங்கச் சொன்னார். முதலில் மருத்துவ நூல்கள், அப்புறம் எல்லாம். கெஸ்டுக்குச் சீனம் வாசிக்கத் தெரியாது. கில்லிஸுக்குத் தெரியும். அந்த மனிதர் துப்பறிகிறவர் மாதிரி புத்தகம் பார்ப்பார். தாள், மை, பதிப்பு, எது போலி, எது அசல் என்று சலித்து எடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தார். கெஸ்ட் பணம் அனுப்பிக்கொண்டே இருந்தார். பீக்கிங்கில் பழைய புத்தகங்கள் விலைக்கு வந்துகொண்டிருந்த காலம்.

1926இல் அந்தப் புத்தகங்களைக் கனடாவில் மான்ட்ரியால் நகரத்து மெக்கில் பல்கலைக்கழகத்தில் வைத்தார்கள். பிறகு அமெரிக்காவில் பொருளாதார முடை. காண்ட்ராக்டர் கையிலும் காசு இல்லை, பல்கலைக்கழகத்தாலும் தாங்க முடியவில்லை. கடைசியில் 1937இல் எல்லாம் பிரின்ஸ்டனுக்குப் போயின. வாங்கியது யார் தெரியுமா? ஐன்ஸ்டைன் வேலை பார்த்துக்கொண்டிருந்த அதே உயராய்வு நிறுவனம். அப்போது ஏறக்குறைய ஒரு லட்சம் ஏடுகள், அதாவது தைத்த மெல்லிய புத்தகங்கள். அதில் பௌத்த திரிபிடகத்தின் ஒரு பதிப்பு, அதில் மட்டும் சோங் அரசர்கள் காலத்து (பத்து முதல் பதின்மூன்றாம் நூற்றாண்டு) மூல அச்சில் எழுநூறு ஏடுகள். மருத்துவ நூல்கள் மட்டும் ஐந்நூறு தலைப்புகளுக்குப் பக்கம்.

1950இல் அந்த நூலகத்துக்குக் காப்பாளராக வந்தவர் ஹூ ஷி. சீனாவின் அமெரிக்கத் தூதராக இருந்தவர், பேச்சு மொழியில் எழுதுங்கள் என்று சீன இலக்கியத்தையே திருப்பிப் போட்டவர். நாடு கம்யூனிஸ்டுகள் கைக்கு மாறியதால் அந்நிய மண்ணில் நூலகப் பொறுப்பில் உட்கார்ந்திருந்தார். 1952இல் சீன அச்சுக்கலையின் பதினொரு நூற்றாண்டுகள் என்று ஒரு கண்காட்சி வைத்தார். இந்த நூலகம் ஒரு மனிதரின் கண்வலியில் பிறந்தது என்று உலகத்துக்குச் சொன்னதும் அவர்தான். கெஸ்டும் கில்லிஸும் ஒரே வருஷம், 1948இல், காலமாகிவிட்டார்கள்.

நாம் கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்கிறோம். கெஸ்ட் கண் கெடக் கெட நமஸ்காரத்தை ஆரம்பித்தவர். தலைமையாசிரியர் ஐயா சிரிக்கிறார், அவருக்குப் போன மாதம்தான் கண்புரை அறுவை நடந்தது.

கவனியுங்கள், அந்தக் கதையில் பணம் கொடுத்தவரை விட முக்கியமானவர் கில்லிஸ். வாசிக்கத் தெரிந்த ஆள். வடமேற்குச் சீனாவில் துன்ஹுவாங் குகையிலும் இதே பாடம்தான். 1900இல் வாங் யுவான்லு என்ற தாவோத் துறவி சுவருக்குப் பின்னால் அடைத்துக் கிடந்த ஏட்டுக் குவியலைக் கண்டார். 1907இல் போன பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஆரல் ஸ்டைனுக்குச் சீனம் தெரியாது. பெட்டி பெட்டியாக எடுத்துப் போனதில் ஒரே சூத்திரத்தின் பிரதிகள் ஏராளம். 868ஆம் ஆண்டு தேதி போட்ட வஜ்ரச்சேதிக சூத்திரம் என்ற பௌத்த நூலின் அச்சும் அதில் கிடைத்தது, அது வேறு விஷயம். மறு வருஷம் போன பிரெஞ்சு அறிஞர் பெல்லியோவுக்குச் சீனம் தண்ணீர் பட்டபாடு. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மூன்று வாரம் குந்தியபடி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, நல்லதாகப் பொறுக்கினார். இரண்டு பேர் செய்ததும் நியாயமா என்று கேட்டால் சீனர்கள் இன்றைக்கும் கோபமாகத்தான் பதில் சொல்வார்கள். அவர்கள் கோபம் எனக்குச் சரி என்றே படுகிறது.

நூலகன் என்ற முறையில் இன்னொருவர் பேரையும் சொல்லியே ஆக வேண்டும். சியூ கைமிங். வூஹானில் இருந்த சீனாவின் முதல் நூலகப் பள்ளியில் படித்தவர், ஹார்வர்டு-யென்சிங் நூலகத்தின் முதல் நூலகர். அந்த நூலகத்துக்கு ஆதாரமான நிறுவனம் 1928இல் அலுமினியத்தில் சம்பாதித்த ஒருவரின் சொத்தில் வந்தது. புத்தகங்களைத் துறைவாரியாக எண் போட்டு அடுக்கும் டூயியின் தசம வகைப்பாட்டில் சீன இலக்கியம் முழுவதற்கும் 895.1 என்று ஒரு மூலை. இரண்டாயிரம் வருஷ இலக்கியம் மூலையில் அடங்குமா? செவ்வியல், வரலாறு, தத்துவம், தொகைநூல் என்று சீனர்களே நெடுங்காலமாக வைத்திருந்த நான்கு பிரிவை எடுத்து, நவீனத் துறைகளோடு கோத்துப் புது வகைப்பாடு செய்தார் சியூ. பிறகு அமெரிக்காவில் எத்தனையோ பல்கலைக்கழகங்கள் அதைத்தான் பின்பற்றின. நம்முடைய சீர்காழி ரங்கநாதன் சென்னையில் இதே தலைவலியோடு கோலன் வகைப்பாடு எழுதியது 1933. இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுக்க எனக்கு ரொம்ப நாள் ஆசை.

இரண்டாவது செய்தி, ஜப்பான். இது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். ஜப்பானில் எல்லோருக்கும் எழுதப் படிக்கத் தெரியும். ஆனால் கொள்ளுத்தாத்தா எழுதிய கடிதத்தைக் கொள்ளுப்பேரனால் வாசிக்க முடியாது. பழைய கையெழுத்துக்குக் குசுஷிஜி என்று பெயர். தூரிகையை எடுக்காமல் ஓர் எழுத்தை அடுத்ததோடு இழுத்துக்கொண்டே போவது. ஒரே 'க' ஒலிக்கு நாலைந்து வடிவம் இருக்கும். 1900இல் பள்ளிக்கூடத்தில் ஓர் ஒலிக்கு ஒரே எழுத்து என்று அரசு வரையறுத்தது. நல்ல காரியம்தான், பிள்ளைகளுக்குச் சுலபம். ஆனால் இரண்டு தலைமுறையில் பழையதை வாசிக்கிற கண் போய்விட்டது. அச்சடித்த கதைப்புத்தகம், சமையல் குறிப்பு, நிலப் பத்திரம் என்று எல்லாம் அந்த எழுத்தில்தான் கிடக்கிறது.

அவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். கியோட்டோப் பல்கலைக்கழகத்தில் பழைய பூகம்பங்களைப் பற்றி ஆராய்கிற குழு ஒன்று, 2017 ஜனவரியில், பழைய பூகம்பக் குறிப்புகளைப் படம் பிடித்து இணையத்தில் வைத்து, விருப்பமுள்ளவர்கள் வாருங்கள், வாசித்து எழுதுவோம் என்று கூப்பிட்டது. ஓய்வு பெற்றவர்கள், மாணவர்கள் என்று யார் யாரோ வந்தார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்துவார். எந்த ஊரில், எந்த மாதம், எத்தனை வீடு விழுந்தது என்பது தெரிந்தால்தானே அடுத்த பூகம்பத்தைப் பற்றி யோசிக்க முடியும்? இப்போது கைப்பேசியில் படம் எடுத்தால் எழுத்தை இன்றைய வடிவில் காட்டும் மியோ என்ற செயலியும் வந்துவிட்டது. அதைச் செய்ததில் முன்னால் நின்றவர் தாய்லாந்திலிருந்து வந்த ஒரு பெண் ஆய்வாளர். ஜப்பானியர் இல்லை, தாய்லாந்துக்காரர்!

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம், ஆஸ்டன் என்ற தூதரக அதிகாரி சேர்த்த 9,500 ஜப்பானிய ஏடுகளை 1911இல் வாங்கியது. வாங்கியதோடு விடவில்லை. 2014 முதல் குசுஷிஜி வாசிக்கக் கோடைக்கால வகுப்பு நடத்துகிறார்கள். நான் சொல்ல வந்ததே இதுதான். புத்தகம் வாங்குவது ஒரு நாள் வேலை. வாசிக்கிற ஆளை உண்டாக்குவது தினசரி வேலை.

இந்த வட்டத்தில் பழகியவர்களுக்கு என் பல்லவி தெரியும், 'ஆரம்பிச்சிட்டார்யா' என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்கிறது. ஆமாம், ஆரம்பித்துவிட்டேன். தமிழ்நாட்டில் ஒரே ஒரு பல்கலைக்கழகத்தில், பழைய சீனம் கற்பிக்க ஒரே ஒரு நிரந்தர ஆசிரியர் பணியிடம் வேண்டும். ஏழு வருஷமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஏன் கேட்கிறேன்? ராஜராஜன் அனுப்பிய தூதுக்குழு 1015இல் சோங் அரண்மனையை அடைந்தது. போய்ச் சேருவதற்குள் ராஜாவே காலமாகிவிட்டார். அந்தச் செய்தி சீன அரசவை வரலாற்றில் இருக்கிறது. நம் சோழனைப் பற்றிச் சீனர்கள் எழுதியதை நாம் ஆங்கிலம் வழியாகவே வாசிக்கிறோம். 1281இல் சீனாவின் சுவான்சோத் துறைமுகத்தில் ஒரு தமிழ் வணிகர் சிவனைப் பிரதிஷ்டை செய்து தமிழில் கல்வெட்டு வைத்தார், கடைசி வரி மட்டும் சீனம். 1409இல் சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவின் கப்பல் படை இலங்கைக்குக் கொண்டுவந்த கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும். சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை, தமிழில் தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்கு. 1911இல் இலங்கையின் காலி என்ற ஊரில் அது கிடைத்தபோது ஒரு மதகுக்கு மூடியாகக் கவிழ்ந்து கிடந்தது. கவிழ்ந்து கிடந்ததால் எழுத்து தப்பியது என்றும் சொல்லலாம். அந்தக் கல்லுக்கு முன்னால் நிற்கும் தமிழன் மூன்றில் ஒரு பங்கை வாசித்துவிட்டுத் திரும்புகிறான்.

ஒரு பல்கலைக்கழகத்தில் மனு கொடுத்தேன். எத்தனை மாணவர்கள் சேருவார்கள் என்று கேட்டார்கள். முதல் வருஷம் இரண்டு பேர் என்றேன். இருபது பேர் வந்தால் பார்க்கலாம் என்றார்கள். கண் கெட்ட பிறகு பார்க்கலாம் என்பதைத்தான் அப்படிச் சொன்னார்கள். 1604இல் ஆக்ஸ்ஃபோர்டில் எத்தனை பேர் இருந்தார்கள்?

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மூன்றாவது செய்தி, புத்தகத்தின் வயது. சக்கரவர்த்தியின் பெயரில் வரும் எழுத்தை முழுசாக எழுதக் கூடாது என்று ஒரு வழக்கம். சீனாவை 1661 முதல் 1722 வரை ஆண்ட காங்ஷி சக்கரவர்த்தி பெயரில் 'ஷுவான்' என்ற எழுத்து உண்டு. அதில் கடைசிக் கோடு இல்லாமல் அச்சிட்டிருந்தால், அவர் காலத்ததாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்கலாம் என்பதற்கு அது ஓர் அடையாளம். சோங் காலத்திலும் அதே எழுத்தைத் தவிர்த்ததால் அது மட்டும் போதாது. இதற்கே ஒரு மணி நேரம் வேண்டும். அடுத்த ஆண்டு கூப்பிட்டால் வருகிறேன்.

பரிசளிப்புக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வாசலில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் மேசை போட்டு, மனுவும் கையெழுத்து நோட்டும் வைத்திருக்கிறேன். நகராட்சி உறுப்பினர் அம்மா முதல் கையெழுத்தைப் போட்டால் மற்றவர்களுக்குத் தைரியம் வரும். பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன். போன வருஷம் இரண்டு பேனா போய்விட்டது. வணக்கம்.