ஆவணமில்லாமல் கைக்கு வந்த மோட்டார் சைக்கிள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பணம் கொடுத்து வாங்கி, வண்டியும் சாவியும் கைக்கு வந்த பிறகு, பதிவுச் சான்று மட்டும் வராமல் திண்டாடுவோர் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள். "எங்கோ வைத்துவிட்டேன், தேடித் தருகிறேன்" என்றோ, "நான் வாங்கும்போதே எனக்கும் யாரும் தரவில்லை" என்றோ விற்றவர் சொல்லியிருப்பார். விலை குறைவு, வண்டியும் நன்றாக ஓடுகிறது என்ற நினைப்பில் வாங்கியவரும் சரி என்று தலையாட்டியிருப்பார். அத்தகைய வண்டியைச் சட்டப்படி தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள ஒருவர் எதை முதலில் செய்ய வேண்டும், எதை அடுத்துச் செய்ய வேண்டும் என்பதைப் பற்றி இன்று பேசுகிறேன். படிவங்களும் அலுவலகங்களும் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் செய்ய வேண்டியவற்றின் வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை.

வண்டி யாருக்குச் சொந்தம் என்பதும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்பதும் வேறு வேறு கேள்விகள். பிரித்தானியாவில் வி5சி என்று வழங்கும் பதிவு ஏடு, வண்டியை வைத்திருந்து அதற்குப் பொறுப்பேற்பவரின் பெயரைத்தான் காட்டுகிறது. தான் உரிமைக்குச் சான்று ஆகாது என்று அந்த ஏடே சொல்கிறது. அமெரிக்க மாநிலங்களில் டைட்டில் எனப்படும் உரிமைப் பத்திரம் வேறு, பதிவு வேறு. இந்தியாவின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமோ, பதிவேட்டில் பெயர் உள்ளவரையே பொதுவாக உரிமையாளர் எனக் கொள்கிறது. இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக ஒரு பழைய விதி இருக்கிறது: தம்மிடம் இல்லாத உரிமையை ஒருவர் இன்னொருவருக்கு விற்க முடியாது. இந்தியாவின் 1930ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 27ஆம் பிரிவும், பிரித்தானியாவின் 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவும், சில விலக்குகளோடு, இதைத்தான் கூறுகின்றன. ஆகவே பதிவேட்டில் கடைசியாக இருக்கும் பெயரிலிருந்து உங்கள் கைவரை அந்த வண்டி முறையாக வந்து சேர்ந்தது என்பதை மெய்ப்பிக்கும் அறுபடாத தொடர் ஒன்றை நீங்கள் காட்டியாக வேண்டும். ஆர்.சி. புத்தகம் எனப்படும் பதிவுச் சான்று அந்தத் தொடரின் பயனாகத்தான் கிடைக்கும்.

அந்தத் தொடரின் முதல் கண்ணி உங்களுக்கு விற்றவர். அவர் இன்னும் தொலைபேசியை எடுத்துப் பேசுகிறார் என்றால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அவரிடம் எழுத்தில் ஒரு விற்பனைச் சீட்டு வாங்கிவிடுங்கள். அவர் பெயர், முகவரி, அடையாள அட்டையின் நகல், விற்ற நாள், தொகை, வண்டியின் பதிவு எண், சேஸிஸ் எண், இன்ஜின் எண், அவர் யாரிடமிருந்து எப்போது வாங்கினார் என்ற விவரம் ஆகிய அனைத்தும் அதில் இருக்கட்டும். இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் இருந்தால் நல்லது. பணத்தை வங்கி வழியாக அனுப்பியிருந்தால் அந்தப் பதிவையும், பேரம் பேசிய குறுஞ்செய்திகளையும் அழிக்காமல் பாதுகாத்து வையுங்கள். நாள் செல்லச் செல்ல விற்றவருக்கு ஞாபகமும் குறையும், உதவும் மனமும் குறையும். ஆதலால் இதில் தாமதம் கூடாது என்று அழுத்திச் சொல்வேன்.

அடுத்தது வண்டியையே படிப்பது. நம்பர் பிளேட் இரண்டு திருகாணிகளைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். எனவே அதை நம்பி எந்த முடிவுக்கும் வரக்கூடாது. வண்டியின் உண்மையான அடையாளம் அதன் சட்டகத்தில் பொறித்த சேஸிஸ் எண்தான். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் ஹேண்டில்பாருக்குக் கீழே, முன் ஃபோர்க் வந்து சேரும் தலைக்குழாயின் பக்கவாட்டில் அது இருக்கும். ஹேண்டிலை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பி, அங்கே அடைந்திருக்கும் எண்ணெய் அழுக்கைத் துணியால் துடைத்து, கைவிளக்கின் ஒளியைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே இடைவெளியில், ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஓர் எழுத்து மட்டும் சாய்ந்திருந்தாலோ, அந்த இடத்தின் உலோகம் அரம் போட்டதுபோல் தேய்ந்திருந்தாலோ, மற்ற இடமெல்லாம் பழைய வண்ணமாக இருக்க அந்த உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் புது வண்ணம் பளபளத்தாலோ, அங்கேயே நிறுத்திக்கொண்டு காவல்துறையிடம் செல்வதே முறை.

இன்றைய வண்டிகளில் இந்த எண் 17 எழுத்துகள் கொண்டது. முதல் மூன்றும் உற்பத்தியாளரைக் குறிக்கும். அடுத்த ஆறு வண்டியின் வகையை விவரிக்கும். கடைசி எட்டு அந்தத் தனி வண்டியை அடையாளம் காட்டும். ஒன்று, சுழியம் என்னும் எண்களோடு குழம்பிவிடக் கூடாது என்பதற்காக ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் இதில் இடம்பெறுவதில்லை. எனவே உங்கள் குறிப்பில் ஓ என்று எழுதியிருந்தால், ஒன்று நீங்கள் சுழியத்தைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள், அல்லது அந்த எண்ணில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1981ஆம் ஆண்டு மாடல்களிலிருந்துதான் 17 எழுத்து முறை கட்டாயமானது. அதற்கு முந்தைய பழம் வண்டிகளில் எண் குறுகியதாக இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. சேஸிஸ் எண்ணின்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் பல இடங்களில் அதைக் கேட்பார்கள். இன்ஜின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். இன்ஜினை முறைப்படி மாற்றியிருக்கவும் வாய்ப்புண்டு என்பதால், அது பதிவேட்டோடு ஒத்துப்போகவில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்துக் குற்றம் என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் மாற்றியதற்கான ரசீதைக் கேட்டுப் பெற வேண்டும்.

எண் கையில் கிடைத்ததும், அது திருட்டு வண்டியா என்று பார்க்க வேண்டும். இந்தியாவில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் நடத்தும் வாகன் சமன்வய் என்னும் தரவுத்தளத்தில் களவுபோன வண்டிகளின் விவரங்கள் உள்ளன. பிற நாடுகளில் காவல்துறையோ வண்டி வரலாற்றைச் சரிபார்த்துத் தரும் சேவைகளோ இதைச் செய்கின்றன. திருட்டு வண்டி என்று தெரிந்தால் அதைத் தொடர்ந்து வைத்திருப்பதோ, கொடுத்த பணத்தை மீட்பதற்காக வேறொருவர் தலையில் கட்டுவதோ கூடவே கூடாது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தும், அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்தும், அதைப் பெறுவதையும் வைத்திருப்பதையும் இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு தண்டிக்கிறது. வண்டியைக் காவல்துறையிடம் ஒப்படைத்து, விற்பனைச் சீட்டைக் காட்டி, விற்றவரிடமிருந்து பணத்தைத் திரும்பப் பெறச் சட்டப்படி நடவடிக்கை எடுக்கலாம். விற்பதற்கு உரிமை உள்ளவராகத்தான் விற்பவர் விற்கிறார் என்பது, எழுதாமலே ஒவ்வொரு விற்பனையிலும் அடங்கிய நிபந்தனை என்று 1930ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு கூறுகிறது. வாங்கியவருக்கு இது மனவேதனை தரும் முடிவுதான். ஆனால் வண்டியைப் பறிகொடுத்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதையும் நாம் நினைக்க வேண்டும்.

வண்டி களவுபோனது இல்லை என்றால், கடன் இருக்கிறதா என்று பாருங்கள். கடனில் எடுத்த வண்டியின் பதிவில் கடன் கொடுத்தவரின் பெயர் குறிக்கப்பட்டிருக்கும். பொதுவாக அதை நீக்காமல் பெயர் மாற்றத்துக்குப் போக முடியாது. கடன் அடைந்துவிட்டது என்ற கடிதத்தையும், இந்தியாவில் அதற்கான 35ஆம் எண் படிவத்தையும் கடன் கொடுத்தவரிடமிருந்து பெற வேண்டும்.

இனிப் பதிவேட்டில் உள்ள உரிமையாளரைத் தேடும் வேலை. இதில்தான் பலர் சோர்ந்துபோகிறார்கள். பதிவு அலுவலகங்கள் கேட்டவருக்கெல்லாம் பெயரையும் முகவரியையும் எடுத்துக் கொடுப்பதில்லை. அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டில் இதற்கெனவே ஒரு தனியுரிமைச் சட்டம் வந்தது. எனவே விற்றவரிடமிருந்து தொடங்கி, அவருக்கு விற்றவர், அவருக்கும் முன்னவர் என்று பின்னோக்கிப் போக வேண்டும். வண்டியோடு வந்த பழைய காப்பீட்டுத் தாள், சர்வீஸ் புத்தகம், புகைச் சோதனைச் சான்று ஆகியவற்றில் பெரும்பாலும் ஒரு பெயர் கிடைக்கும். கண்டுபிடித்த பிறகு, "எப்போதோ விற்றுவிட்டேன், எனக்கும் அதற்கும் தொடர்பில்லை" என்று அவர் ஒதுங்கக்கூடும். அப்போது அவரிடம் பணிவாக ஒன்றை எடுத்துச் சொல்லுங்கள். விற்றும் பெயர் மாற்றாத வண்டி விபத்தில் சிக்கினால் இழப்பீட்டுப் பொறுப்பு பதிவேட்டில் உள்ள உரிமையாளரையே சேரும் என்று 2018ஆம் ஆண்டு, நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வேறு நாடுகளிலும் பதிவில் உள்ள பெயருக்குத்தான் அபராதச் சீட்டு முதலில் போய்ச் சேரும். பெயர் மாற்றம் உங்களுக்கு எவ்வளவு தேவையோ, அவ்வளவு அவருக்கும் தேவை. இதை அவர் உணர்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்ததுபோல்தான்.

அவர் இசைந்தால் வழி நேரானது. தொலைந்த ஆர்.சி.க்கு மாற்றாக டூப்ளிகேட் கேட்டு அவரே விண்ணப்பிக்க வேண்டும். இந்தியாவில் அது 26ஆம் எண் படிவம், தொலைந்தது பற்றிக் காவல்துறையில் புகார் அளித்ததற்கான சான்றும் அதனுடன் தேவைப்படும். பின்னர் 29, 30ஆம் எண் படிவங்களில் பெயர் மாற்றம் நடைபெறும். விற்பவர் அதே மாநிலத்துக்குள் என்றால் 14 நாட்களுக்குள்ளும், வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு விதிக்கிறது. நாள் கடந்திருந்தால் தாமதத்துக்கான தொகையைக் கட்டித்தான் ஆக வேண்டும். உரிமையாளர் இறந்துவிட்டிருந்தால், அவருடைய வாரிசு 31ஆம் எண் படிவத்தின் வழியே முதலில் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டு, அதன்பின் உங்களுக்கு மாற்றித் தர வேண்டியிருக்கும்.

இங்கே ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை. வாங்குபவர் பெயரை வெறுமையாக விட்டு, உரிமையாளர் கையெழுத்து மட்டும் போட்ட படிவங்கள், வண்டியோடு சேர்ந்து மூன்று நான்கு கைகள் மாறுகின்றன. நடுவில் வாங்கி விற்றவர்கள் யாரும் பதிவேட்டில் ஏறுவதில்லை. ஆண்டுகள் கழித்து அந்தப் படிவத்தில் உங்கள் பெயரை நிரப்பிக் கொடுத்தால், கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். அல்லது உரிமையாளரே நான் இவருக்கு விற்கவில்லை என்று மறுப்பார். அத்தகைய படிவம் உங்களிடம் இருந்தால், அதை உரிமையாளரைக் கண்டுபிடிக்க உதவும் தடயமாக மட்டும் கருதுங்கள். புதிதாக அவரிடமே கையெழுத்துப் பெற்று, வண்டி எந்தெந்தக் கைகள் வழியே வந்தது என்பதை உள்ளபடி விவரிக்கும் உறுதிமொழிப் பத்திரம் ஒன்றையும் இணைத்துக் கொடுப்பதே பாதுகாப்பானது.

எவ்வளவு தேடியும் உரிமையாளர் கிடைக்கவில்லை என்றால், தேடியதற்கான சான்றுகளே உங்களுக்குத் துணை. அனுப்பிய பதிவுத் தபாலின் ரசீதுகளையும், திரும்பி வந்த உறைகளையும் அப்படியே வையுங்கள். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், வண்டி மதிப்பின் ஒன்றரை மடங்கு போன்ற ஒரு தொகைக்குப் பிணைப் பத்திரம் கொடுத்தால், அதன் பேரில் உரிமைப் பத்திரம் வழங்குகிறார்கள். பெரும்பாலும் சில ஆண்டுகள் நீடிக்கும் அந்தப் பிணைக் காலத்துக்குள், கூடுதல் உரிமை உள்ளவர் யாராவது வந்தால் அவருக்கு அதிலிருந்து ஈடு கிடைக்கும். பிரித்தானியாவில் வி62 என்ற படிவத்தில் புதிய பதிவு ஏடு கேட்கலாம். இந்தியாவில், உங்கள் உரிமையை உறுதிசெய்யுமாறு உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கும் வழி உண்டு. 1963ஆம் ஆண்டுக் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. செலவும் காலமும் பிடிக்கும் வழி இது. வண்டியின் மதிப்பு அந்தச் செலவைத் தாங்குமா என்று முன்னரே வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. தாங்காது என்றால், விற்றவரிடமே வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்பதுதான் பல நேரங்களில் அறிவுடைய முடிவாக இருக்கும்.

இந்த நேரத்தில்தான், எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்று யாராவது வந்து நிற்பார். அதே மாடலில் நொறுங்கிப்போன வேறொரு வண்டியின் தாள்களைக் கொண்டுவந்து, அதன் எண்ணை உங்கள் சட்டகத்தில் பொறித்துவிடலாம் என்பார். தயவுசெய்து அதற்கு உடன்படாதீர்கள். அதுவரை ஏமாந்து நின்ற நீங்கள், அந்த ஒரு செயலால் ஏமாற்றியவர் ஆகிவிடுவீர்கள். நேர்மையாக வாங்கினேன் என்று நீங்கள் சேர்த்துவைத்த சான்றுகளும் அதன்பின் எடுபடாது.

பெயர் மாற்றம் முடியும்வரை வண்டியைச் சாலையில் எடுக்காமல் நிறுத்தி வையுங்கள். அதற்குப் பெரிய செலவுகளும் செய்யாதீர்கள். புதிய சான்று கைக்கு வந்ததும், முன்பு எடுத்துவைத்த பென்சில் அச்சை எடுத்து, அதிலுள்ள சேஸிஸ் எண்ணை ஒவ்வோர் எழுத்தாகச் சான்றோடு ஒப்பிடுங்கள். இன்ஜின் எண், உங்கள் பெயர், கடன் குறிப்பு நீங்கியிருக்கிறதா என்பன போன்றவற்றையும் பாருங்கள். ஒரேயோர் எழுத்துப் பிழை இருந்தாலும் உடனடியாகத் திருத்தம் கேட்டு விண்ணப்பித்து, திருத்திய சான்றைப் பெற்று, காப்பீட்டிலும் அதே எண் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.