மரத்தை முதலில் வரையுங்கள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். மரங்கள் நிற்கும் இடத்தில், அவற்றை வெட்டாமல் கார் நிறுத்தம் அமைப்பது எப்படி என்பதைப் பற்றிப் பேசுகிறேன்.

ஒரு கார் நிற்க எவ்வளவு இடம் வேண்டும்? இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். 12.5 சதுர மீட்டர்தான். ஆனால் அது உள்ளே வரவேண்டும், திரும்பவேண்டும், வெளியேறவேண்டும். அந்த வழியையும் சேர்த்தால் ஒரு காருக்கு 25 முதல் 30 சதுர மீட்டர் போய்விடுகிறது. பாதி மரங்களை நாம் வெட்டுவது காருக்காக அல்ல, கார் போகும் பாதைக்காக!

ராட்டினம் போல் மேலும் கீழுமாகச் சுழலும் கார் நிறுத்தத்தைப் பாருங்கள். இரண்டு கார் நிற்கும் தரையில் பன்னிரண்டு கார்கள் வரை மேலே அடுக்கிவிடலாம். ஓட்டுநர் வாசலிலேயே இறங்கிக்கொள்கிறார். உள்ளே பாதையும் இல்லை, சரிவும் இல்லை. மாலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் காரைக் கேட்டால் காத்திருக்கத்தான் வேண்டும். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் இருக்கவேண்டும். மரம் பிழைக்கிறதென்றால் நான் காத்திருப்பேன்.

பூமிக்கு அடியில் கட்டலாமே என்பார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் போஸ்ட் ஆபீஸ் சதுக்கத்தை 1950களில் எழுந்த ஒரு கான்கிரீட் கார் நிறுத்தக் கட்டடம் அடைத்துக்கொண்டிருந்தது. அதை இடித்து, ஏழு தளம் கீழே இறங்கி, சுமார் 1,400 கார்களை உள்ளே வைத்தார்கள். மேலே இன்று பூங்கா. அருமையான வேலை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அவர்கள் தோண்டியது கான்கிரீட்டுக்குக் கீழே. வளர்ந்து நிற்கும் மரங்களுக்குக் கீழே தோண்டினால் அந்த மரங்கள் போய்விடும். புதிதாக நட்டாலும் கூரைமேல் ஒரு மீட்டருக்குக் குறையாமல் மண் வேண்டும். அரை அடி மண்ணைப் போட்டால் வெறும் புல்தான் கிடைக்கும்.

"மரத்தை வெட்டவில்லை, நிழலில்தானே நிறுத்துகிறோம்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உணவும் நீரும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், முழங்கால் ஆழத்துக்குள்ளேயே படர்ந்திருக்கிறது. கிளைகளின் விளிம்பையும் தாண்டிப் போகிறது. டயர் ஏறி ஏறி மண் இறுகினால் காற்றும் நீரும் இறங்காது. முதல் வருடம் ஒன்றும் தெரியாது. பிறகு உச்சிக் கிளையில் இலை சிறுக்கும், அடுத்து அந்தக் கிளையே காயும். மரத்துக்கு ஏதோ நோய் என்று சொல்லி வெட்டிவிடுவார்கள்.

வரைபடம் போடும் இளைஞர்களே, உங்களிடம் கேட்பது இதுதான். வெள்ளைத்தாளில் முதலில் கார்க் கட்டங்களைப் போடாதீர்கள். ஒவ்வொரு மரத்தின் கிளைப்பரப்பையும் வட்டமாக வரையுங்கள், அதைவிடக் கொஞ்சம் பெரிதாகவே. வட்டங்களுக்கு வெளியே மிஞ்சும் இடத்தை அளந்து பாருங்கள். அது போதவில்லையென்றால் கார்களை மேலே அடுக்குங்கள்.